டி.சி. கொடுத்து அனுப்புவதா, வைத்துத் திருத்துவதா? பெரிய தவறு செய்த மாணவன் விஷயத்தில் பள்ளி எப்படி முடிவெடுப்பது

பிளஸ் ஒன் படிக்கிற ஒருவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து, கூடப் படிக்கிறவனைப் பெல்ட்டால் அடித்துவிட்டான், பெல்ட்டின் பக்கிள் பட்டுப் புருவத்துக்கு மேல் தையல் போட வேண்டியதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் தீர்ப்பே சொல்லி முடித்திருப்பார்கள். "டி.சி. குடுத்து அனுப்பிருங்க சார், இவன் இருந்தா மத்த பிள்ளைகளும் கெட்டுப்போகும்." மீதிப் பேர், "பாவம், அப்பா கடல்ல கெடக்காரு, அம்மாவைக் கூப்பிட்டு லெட்டர் எழுதி வாங்கிட்டு விட்டுருவோம்" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றை யாரும் வரிசையாக மேசையில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இருப்பதில்லை, ஏனென்றால் பத்து மணிக்குள் அடிபட்டவனின் மாமன் ஆறு பேரோடு வந்து ஹெச்.எம். அறை வாசலில் நிற்பார்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவன். இப்படிப்பட்ட விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றில் எழுதும் வேலையும் என்னுடையது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் அதிகம் நடக்கிற வழி, அதாவது பெற்றோரே விரும்பிக் கேட்டு டி.சி. வாங்கிப் போனதாகக் காகிதத்தில் காட்டுவது, இருப்பதிலேயே மோசமானது. வெளிப்படையாக நீக்குவதைவிடவும் மோசமானது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், அதற்கு முன் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எட்டாம் வகுப்பு வரை பேச்சுக்கே இடமில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போட மாநிலங்களுக்கு வழி விட்டார்கள், ஆனால் நீக்கக் கூடாது என்பதைத் தொடவில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இப்படி நேரடியான பாதுகாப்பு இல்லை, நம் தலைவலியெல்லாம் அங்கேதான். இன்னொரு விஷயம், நம் மாவட்டத்துக்கு முக்கியமானது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சி.எஸ்.ஐ. பள்ளிகளும் கத்தோலிக்க மறைமாவட்டப் பள்ளிகளும் எத்தனை என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆக, ஒரே ஊரில் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையனை நீக்க முடியாது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் படிக்கிறவனுக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. ஏழாம் வகுப்புப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைதான். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக அந்த வயதில் ஒருவனை வெளியே தள்ளுவதை எந்த நிர்வாகமும் நியாயப்படுத்த முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2022-இல் ஆசிரியர்களிடம் மாணவர்கள் அத்துமீறும் வீடியோக்கள் வரிசையாக வெளிவந்தபோது, அப்படிச் செய்கிறவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணத்தை டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதுவோம் என்று பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆசிரியர்கள் பலர் கை தட்டினார்கள், அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. வகுப்பில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் முன்னால் நிற்பது லேசான காரியம் இல்லை. ஆனால் டி.சி.யில் காரணத்தை எழுதுவது என்பது பதினாறு வயதில் செய்ததை அவன் வேலைக்குப் போகிற வயது வரைக்கும் கூடவே அனுப்புவது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. குற்றமே செய்து, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதி வாரியத்தின் முன்னால் நின்ற சிறுவனுக்குக்கூட, மிகக் கொடிய குற்றங்களுக்கான விதிவிலக்கு தவிர, அதனால் பின்னாளில் எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டே அழிக்கச் சொல்கிற தழும்பை ஒரு பள்ளிக்கூடம் ஏன் மையில் எழுதி வைக்க வேண்டும்? 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கட்டண பாக்கியை டி.சி.யில் குறிப்பதைக் கண்டித்து, டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி இல்லை, அது குழந்தையின் சொந்த ஆவணம் என்றது. அந்த வழக்கு கட்டணத்தைப் பற்றியதுதான், ஆனாலும் அந்தப் பார்வை இங்கேயும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சரி, வழிகளுக்கு வருவோம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒன்றோடு ஒன்று குழப்பக் கூடாது. அவன்தான் செய்தானா என்பது ஒன்று. அவன் இங்கேயே தொடர்ந்தால் மற்ற யாருக்காவது ஆபத்தா என்பது மற்றொன்று. நம் பள்ளிகளில் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதைக் கேட்காமலேயே முடிவுக்குப் போய்விடுகிறோம். சில சமயம் முதலாவதையே கேட்பதில்லை, "அவன் ஏற்கெனவே அப்படிப்பட்டவன்" என்பதே சாட்சியாகிவிடுகிறது.

இங்கிலாந்தில் இதற்கு எழுதி வைத்த முறை ஒன்று இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அங்கே ஒரு மாணவனை வெளியேற்றும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு மட்டுமே. நிரந்தரமாக நீக்க வேண்டுமென்றால் விதிமீறல் கடுமையானதாகவோ திரும்பத் திரும்ப நடந்ததாகவோ இருக்க வேண்டும், அதோடு அவன் அங்கேயே இருந்தால் அவனுடைய அல்லது மற்றவர்களுடைய படிப்புக்கோ நலனுக்கோ பெரிய கேடு வரும் என்றும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான். தற்காலிகமாக வெளியே நிறுத்துவது ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களைத் தாண்டக் கூடாது. ஆறாவது நாளிலிருந்து அவன் படிப்புக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். நிரந்தர நீக்கமானால் பள்ளியின் நிர்வாகக் குழு 15 பள்ளி நாட்களுக்குள் கூடி அந்த முடிவைப் பரிசீலிக்க வேண்டும், அதற்குப் பிறகும் பெற்றோர் ஒரு சுயேச்சையான குழுவிடம் மறுஆய்வு கேட்கலாம். அந்த ஊர்ச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அந்த இரண்டாவது நிபந்தனையும், ஆறாவது நாள் கணக்கும் நம் பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டால் நாளைக்கே நாமும் வைத்துக்கொள்ளக்கூடியவை.

முதல் வழி, லெட்டர் எழுதி வாங்குவது. எல்லாப் பள்ளியிலும் அலமாரியில் ஒரு ஃபைல் நிறைய இருக்கும். கோடு போட்ட தாள், இடது ஓரத்தில் கிழித்த சிராய்ப்பு, "மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, நான் செய்தது தவறு, இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன், மீண்டும் செய்தால் பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." கீழே பையன் கையெழுத்து, அதற்குக் கீழே நடுங்கிய எழுத்தில் அம்மா பெயர். பத்து லெட்டரை வரிசையாக வைத்துப் பாருங்கள், பத்திலும் ஒரே வாக்கியம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது. யாரை அடித்தான், ஏன் அடித்தான், அதற்கு முன் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி இருக்காது. ஆறு மாதம் கழித்து அதே பையன் மறுபடி மாட்டும்போது அந்தத் தாளிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது, அவன் "கட்டுப்படுகிறேன்" என்று எழுதியதைத் தவிர. சின்னத் தவறுகளுக்கு இது போதும். ரத்தக்காயத்துக்குப் போதாது, அடிபட்ட பிள்ளையின் வீட்டாருக்கு அது அவமானம்.

அரசு தரப்பிலிருந்தும் இந்த மென்மையான பக்கத்தில் சில யோசனைகள் வந்தன. தவறு செய்த மாணவனைத் திருக்குறள் படித்துப் பொருளோடு எழுதச் சொல்வது, நீதிக்கதை சொல்லச் சொல்வது என்றெல்லாம். பலர் சிரித்தார்கள். பையன் ஒரு அரை மணி நேரம் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசுகிறான் என்றால் அதற்குப் பலன் உண்டு என்றே நான் நினைக்கிறேன். குறள் மட்டும் வேலை செய்யாது, கூட உட்காருகிற ஆள் வேண்டும், பள்ளிகளில் இல்லாதது அந்த ஆள்தான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரைகள்தான் டி.வி.யில் ஓடின. இந்தப் பரிந்துரை அதைவிடப் பெரியது.

இரண்டாவது வழி சஸ்பெண்ட். நாலைந்து நாள் வராதே என்பது. இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு, சூடு தணியும். அடிபட்டவன் பயமில்லாமல் வந்து உட்காரலாம், விசாரிக்க நமக்கும் அவகாசம் கிடைக்கும். ஆனால் அந்த நாட்களில் அவன் எங்கே இருக்கிறான் என்று யாராவது கேட்கிறோமா? ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடு என்றால் விடிவதற்கு முன்பே பெற்றோர் கிளம்பியிருப்பார்கள், பத்து மணிக்குப் பையன் ஜங்ஷனில் நிற்பான். கடற்கரை ஊர் என்றால் அப்பா ஆழ்கடலில், வருவதற்கு வாரங்கள் ஆகும். தூத்தூர், இரையுமன்துறைப் பக்கமெல்லாம் அதுதான் வாழ்க்கை. வளைகுடாவில் இருக்கிற அப்பா வாட்ஸ்அப்பில் கத்துவார், அவ்வளவுதான். எனவே சஸ்பெண்ட் என்றால் நாட்கள் எண்ணிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், பாடம் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும், திரும்பி வரும் தேதி அதே தாளில் இருக்க வேண்டும். "பேரண்ட்ஸ் வந்து பேசுற வரைக்கும் வராதே" என்று வாயால் சொல்லி அனுப்புவது சஸ்பெண்ட் இல்லை, அது முடிவில்லாத வெளியேற்றம். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லை. எமிஸ் என்கிற அரசின் ஆன்லைன் மாணவர் பதிவில் பெயர் ஓடிக்கொண்டிருக்கும், பையன் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் நட்டு கழற்றிக்கொண்டிருப்பான்.

மூன்றாவதுதான் நான் முதலில் சொன்ன, சத்தமில்லாத டி.சி. எப்படி நடக்கும் என்றால், அம்மாவை உட்கார வைத்து, "போலீஸுக்குப் போனா பையன் வாழ்க்கையே போயிரும், நாங்க டி.சி.யில நல்ல கண்டக்ட் போட்டுத் தாறோம், நீங்களே கேட்டு வாங்கின மாதிரி ஒரு லெட்டர் குடுங்க" என்பார்கள். அந்த அம்மா, "சாரே, அவனுக்க அப்பா வந்தா என்னையல்லா கேப்பாரு" என்று அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாருக்கும் நிம்மதி போலத் தெரியும்.

என்ன கெட்டது என்றால், முதலாவது, யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அவன் செய்யாமலே இருந்திருக்கலாம், அல்லது அவனை ஒரு வருடமாக மற்றவன் சீண்டிக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டாவது, மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் காகிதத்தின்படி அவர்களே கேட்டு வாங்கியது. முதன்மைக் கல்வி அலுவலரிடம் போனால் அந்த லெட்டரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மூன்றாவது, பக்கத்துப் பள்ளி ஹெச்.எம். ஒன்றும் தெரியாமல் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவனுக்கு என்ன உதவி வேண்டும், யாரோடு சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை அவருக்குப் போய்ச் சேராது. நாலாவது, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது, அடிபட்டவனுக்கும் நியாயம் கிடைப்பதில்லை. அவனிடம் யாரும் என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்கவில்லை, மன்னிப்பு வரவில்லை, "அவன் போயிட்டான்ல, விடு" என்பதோடு முடிந்தது. அடித்தவன் அதே ஊரில்தான் இருக்கிறான், அதே பஸ்ஸில்தான் வருகிறான்.

இதை நிர்வாகங்கள் ஏன் செய்கின்றன என்பதும் தெரியும். பயம். நம் மாவட்டத்தில் இரண்டு பையன்களின் சண்டை சாயங்காலத்துக்குள் இரண்டு ஊர்ச் சண்டையாக, இரண்டு மதத்துச் சண்டையாக மாறிவிடலாம். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் நம் நடுவே இருக்கிறது, கமிட்டியில் அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபாதருக்கும் தாளாளருக்கும் பி.டி.ஏ. தலைவருக்கும் போன் வரத் தொடங்கியதும், யாரையாவது சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம்தான் மேலே வரும். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில்தான் எழுத்தில் உள்ள முறை பள்ளியைக் காப்பாற்றும். இரண்டு பக்கத்தையும் கேட்டோம், இன்ன தேதியில் இன்னார் இருந்தார்கள், இதனால் இந்த முடிவு என்று காட்ட ஒரு தாள் இருந்தால், எந்த ஊர்க்காரர் வந்து கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லலாம். சாதியோ மதமோ அடியின் பின்னால் இருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும், மறைக்கக் கூடாது.

நாலாவது வழி, இடம் பார்த்துவிட்டு மாற்றுவது. சத்தமில்லாத டி.சி.க்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் பையன் வேறு பள்ளிக்குப் போகிறான். ஆனால் இங்கே விசாரணை முடிந்திருக்கும், வேறு பள்ளியின் ஹெச்.எம். சம்மதித்திருப்பார், சேரும் நாள் முடிவாகியிருக்கும், அதற்குப் பிறகுதான் டி.சி. எமிஸில் போடப்படும். பையன் எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பெயர் கிடக்கும் பொதுத் தொகுப்பில் வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க மாட்டான். ஒரே வகுப்பில் இருவரும் இருந்தால் அடிபட்டவன் பள்ளிக்கு வரவே மாட்டான் என்கிற நிலையில் இது சரியான வழி.

ஆனால் எங்கே மாற்றுகிறோம் என்பதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படிக்கிறவன் ஒருவனை அரசு உதவி பெறும் பள்ளிக்கோ தனியார் பள்ளிக்கோ பிளஸ் ஒன்னில் அனுப்பினால், மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை அவன் அன்றைக்கே இழக்கிறான், ஏனென்றால் அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதும் அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்றால்தான். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் அப்படித்தான். அப்புறம் குரூப். பயாலஜி படிக்கிறவனுக்குப் பக்கத்துப் பள்ளியில் காமர்ஸ் மட்டும் இருந்தால் வருடத்தின் நடுவில் என்ன செய்வான்? மலையாள வழியில் படிக்கிற பிள்ளை என்றால் தேடுவது இன்னும் கஷ்டம். விளவங்கோடு பக்கத்தில் சிலர் எல்லை தாண்டிக் கேரளத்தில் சேர்க்கலாம் என்கிறார்கள், பாடத்திட்டமே மாறிவிடும் என்பதை யோசிக்காமல். பன்னிரண்டாம் வகுப்பில் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல், போன பிறகு மாற்றவே கூடாது என்பேன். அந்தக் கட்டத்தில் வேறு செக்‌ஷன், வேறு இடைவேளை நேரம், பிராக்டிகலுக்குத் தனி பேட்ச் என்று பிரித்து வைத்துப் பரீட்சை வரை கொண்டுபோவதுதான் இருவருக்கும் நல்லது.

ஐந்தாவது, வெளிப்படையாக நீக்குவது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டும், அதுவும் திரும்பத் திரும்ப மற்றவர்களுக்கு ஆபத்தானவன், மற்ற எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது என்றால் மட்டும். காரணத்தை எழுதிக் கொடுத்து, பெற்றோர் எங்கே முறையிடலாம் என்றும் சொல்லி நீக்குகிற பள்ளியை நான் மதிப்பேன். அது கடினமான முடிவு, ஆனால் கேள்வி கேட்க முடிகிற முடிவு.

இனி, தேர்ந்தெடுக்கும் உரிமையே நமக்கு இல்லாத இடம். ஒரு பெண் பிள்ளையைக் கழிவறையில் போனில் படம் எடுத்துவிட்டான், அல்லது தொடக் கூடாத இடத்தில் தொட்டான் என்று புகார் வந்தால், அது போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு, தனக்குக் கீழ் இருப்பவர் செய்ததைச் சொல்லாமல் விடுகிற நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. "பொண்ணு பேரு கெட்டுப்போயிரும், பையனுக்கு டி.சி. குடுத்து முடிச்சிருவோம்" என்று இரு வீட்டாரையும் வைத்துப் பேசி முடிக்கிற ஹெச்.எம். தன்னையும் சிக்க வைத்துக்கொள்கிறார், அந்தப் பெண்ணையும் கைவிடுகிறார். அந்தப் பெண்ணின் பெயரையோ அந்தப் பையனின் பெயரையோ அசெம்பிளியில் சொல்லவும் கூடாது.

மற்றபடி போலீஸ் என்றதும் பையன் ஜெயிலுக்குப் போய்விடுவான் என்று பயமுறுத்துவது சரியில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் மிகக் கொடிய குற்றமோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லாத பட்சத்தில் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வாரியத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். இதைத் தெரிந்து வைத்திருந்தால், டி.சி. வாங்க வைப்பதற்குப் போலீஸைப் பூச்சாண்டியாகக் காட்டுவது நின்றுவிடும்.

கூல் லிப் என்கிற, உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பாக்கெட் விஷயம் தனி. பையில் ரெண்டு பாக்கெட் இருந்தது என்று எட்டாம் வகுப்புப் பையனை வெளியே நிறுத்துகிறோம், அதை அவனுக்கு விற்ற கடை பள்ளி வாசலுக்கு எதிரேயே திறந்திருக்கிறது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பையனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எங்கே வாங்கினாய் என்பது. வகுப்பில் மற்றவர்களுக்கு விற்கிறவன் என்றாலும், எட்டாம் வகுப்புக்காரன் வியாபாரி இல்லை, அவனை யாரோ வைத்து விற்கிறார்கள்.

விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது சரியாக நடந்தால் மேலே சொன்ன ஐந்தில் எது என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். சம்பவம் நடந்த அன்றே, ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதி வாங்க வேண்டும். சேர்த்து உட்கார வைத்தால் குரல் பெரிய பையன் சொன்னதுதான் எல்லாருடைய தாளிலும் வரும். எழுதத் தடுமாறுகிற பையன் என்றால் ஒரு ஆசிரியர் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம், ஆனால் அவர் வார்த்தையைப் போடக் கூடாது. "அவன் எனக்க அம்மைய சொன்னான் சாரே, அதான்" என்று பையன் சொன்னால் அப்படியே எழுதுங்கள், "ஆத்திரமூட்டப்பட்டதால் தாக்கினேன்" என்று மாற்றினால் விஷயமே போய்விடும். புகார் சொன்னவர் ஆசிரியராக இருந்தால் அவர் விசாரிக்கிறவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது. இதை எத்தனை பள்ளியில் பின்பற்றுகிறார்கள்? அடிபட்ட ஆசிரியரே குழுவில் உட்கார்ந்து, "நான் என்ன பொய்யா சொல்றேன்" என்று கேட்டால் அதற்கு மேல் அங்கே யார் பேசுவார்கள்?

பெற்றோரில் ஒருவராவது இருக்க வேண்டும். அப்பா கடலில் என்றால் அம்மாவோடு, அவர் நம்புகிற ஒருவர், ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு டீச்சரோ, வரட்டும். என்ன குற்றச்சாட்டு என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அதிர வைக்கக் கூடாது. பையனுக்குக் கற்றல் குறைபாடோ, வீட்டில் சமீபத்தில் சாவோ, குடியோ இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டும். அது அவன் செய்ததை இல்லாமல் ஆக்காது, ஆனால் திரும்பச் செய்வானா என்பதைச் சொல்லும்.

பெல்ட்டால் அடித்த அந்தப் பையன் விஷயத்தில் என்னைக் கேட்டால், முதல் தடவை, ஆயுதம் முன்கூட்டித் தயார் செய்யவில்லை, மற்றவன் வீட்டில் பயம் இல்லை என்றால், ஐந்து நாள் சஸ்பெண்ட், கையில் பாடம், திரும்பி வரும் நாளில் இரண்டு குடும்பமும் இருக்க நேரில் மன்னிப்பு (அடிபட்டவன் சம்மதித்தால் மட்டும்), மருத்துவச் செலவு அவன் வீட்டிலிருந்து, அப்புறம் வேறு செக்‌ஷன். செக்‌ஷன் மாற வேண்டியவன் அடித்தவன்தான். அடிபட்டவனை மாற்றுகிற பள்ளிகளும் உண்டு, அது அநியாயம். அடிபட்டவன் வரப் பயந்தால், இடம் பார்த்து மாற்றம். பழைய பகையில் பத்து பேரோடு காத்திருந்து அடித்தான் என்றால் போலீஸ், வாரியம், அதோடு சேர்த்து மாற்றம்.

இதைப் படிக்கிற நீங்கள் அந்தப் பையனின் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருந்தால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்காத டி.சி.யை நீங்களே கேட்டதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வெளியே வாருங்கள். பையன் மேல் என்ன புகார், பள்ளி என்ன செய்யப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஒரு நகல். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான எண் 1098. அடிபட்ட பிள்ளையின் வீட்டார் என்றாலும் இதே எண்கள்தான், இதே அலுவலகம்தான், மனுவில் கேட்க வேண்டியதும் அதேதான்: எங்கள் பிள்ளை சொன்னதை யார் எழுதினார்கள், அந்தத் தாளை எங்களுக்குக் காட்டுங்கள்.